விளக்கு மணியும் தம்பியின் பள்ளிக்கூடமும்

அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், என் தம்பி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி விடைத்தாளைக் கொடுக்க மறுத்துவிட்டாள். இரண்டு கைகளாலும் தாளை மேஜையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, ஜன்னலைப் பார்க்கும்படி ஆசிரியைக்குத் தலையை அசைத்துக் காட்டினாள். எதிர்வகுப்பில் எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அங்கே விளக்கு இன்னும் எரியவில்லை. இங்கே எரிந்து அணைந்துவிட்டது.

அது காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அங்கே மணி அடித்துப் பயனில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகைக்கு மேலே ஒரு விளக்கு இருக்கும். பாடவேளை முடிந்தால் அது மூன்று முறை மின்னும். பிள்ளைகள் அதற்கு விளக்கு மணி என்று கையாலேயே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்த விளக்குகளைச் செய்து கொடுத்தது நான் வேலை பார்க்கும் கம்பெனி. அவற்றுக்குள் இருந்த நிரலை எழுதியது நான்.

கம்பெனி என்று சொன்னாலும், அடுகோடிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் அது. பள்ளிக்கூடங்களுக்கும் சிறு தொழிற்சாலைகளுக்கும் தானாக அடிக்கும் மணி செய்து விற்பது எங்கள் முதலாளியின் தொழில். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, மின்சார மீட்டர் செய்யும் ஓர் இடத்தில் சில வருடம் இருந்தேன். மகள் குறைமாதத்தில் பிறந்தபோது வேலையை விட்டேன். அவள் தேறி வந்து பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு வேலை தேடப் போனால், எல்லா இடத்திலும் நடுவில் விட்ட வருடங்களைப் பற்றியே கேட்டார்கள். அடுகோடிக்காரர் மட்டும் அதைக் கேட்கவில்லை. செத்துப்போன ஒரு போர்டை என் முன்னால் வைத்து, என்ன கெட்டிருக்கிறது பாருங்கள் என்றார். பார்த்துச் சொன்னேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார். அன்று ஜோகுபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் நேரே பஸ் ஏறவில்லை. முக்கால்வாசி தூரம் நடந்தே வந்தேன். உட்கார்ந்து வர மனம் ஒப்பவில்லை.

விளக்கு மணி யோசனை தம்பியுடையது. அவன் பிறவியிலேயே காது கேளாதவன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மர்பி டவுனில் அம்மாவோடு இருக்கிறான். அந்தப் பள்ளியிலேயே படித்து, ஓவியப் பயிற்சி முடித்து, அங்கேயே ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தவன். தன் அக்கா வேலை பார்க்கும் இடத்தில் மணி செய்கிறார்கள், சத்தத்துக்குப் பதிலாக வெளிச்சம் வைத்துத் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம் என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னவன் அவன்தான். ஆகையால் விளக்குகள் தப்பாக எரிந்தபோது, மற்ற ஆசிரியர்கள் எங்கள் கம்பெனியைத் திட்டவில்லை. அவனைப் பார்த்தார்கள்.

தேர்வு நாள் மதியமே எங்களுக்கு போன் வந்தது. நான் போனேன். தலைமை ஆசிரியை என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்தப் பெண்ணை உடனே தன் அறைக்கு அழைத்து, பறிபோன நேரத்தைத் திருப்பிக் கொடுத்து, மிச்சத்தையும் எழுத வைத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு மெதுவாகவே பேசினார்.

"மணி முன்ன பின்ன அடிச்சா காது கேக்கறவங்க கையில கட்டியிருக்கற வாட்சப் பாத்துட்டு சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. எங்க பிள்ளைங்க இந்த விளக்க நம்பித்தாம்மா உக்காந்திருக்கு."

நான் ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பார்த்தேன். எந்த இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் இல்லை. தகர ஷீட் போட்ட மாடி வகுப்பில் இருந்தது எல்லாவற்றையும் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. நிழலான மூலையில் இருந்தது பின்தங்கியிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் இருந்தது. மலிவான கடிகாரம். ஜூனில் நாங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் வைத்துவிட்டுப் போனோம். வெயிலும் குளிரும் மாதக்கணக்கில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தன.

நான் ஏணியிலிருந்து இறங்கும்போது அந்த எட்டாம் வகுப்புப் பெண் கீழே நின்றிருந்தாள். இரட்டைச் சடை, சட்டைப் பையில் பேனா மைக் கறை. கையால் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. வீட்டில் நானும் தம்பியும் சிறு வயதிலிருந்து பேசிக்கொள்ளும் சைகை வேறு. இவர்கள் பேசுவது வேகமானது, இலக்கணம் கூடியது. தம்பி எனக்குச் சொன்னான். அடுத்த பரீட்சைக்குள் சரியாகிவிடுமா என்று கேட்கிறாளாம். யோசிப்பதற்கு முன்னால் நான் தலையை ஆட்டிவிட்டேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. போய்விட்டாள்.

முதலாளிக்கு இதில் பெரிய குழப்பம் எதுவும் இருக்கவில்லை. "மாசத்துக்கு ஒரு சலம் போயி, ஏணி போட்டு ஏறி, எல்லாத்தையும் செட் பண்ணிட்டு வந்துடுங்க மேடம். அஷ்டே." அவர் துமகூருப் பக்கத்துக்காரர். பட்டறைத் தெருவில் கற்ற தமிழில் கன்னடத்தைக் கலந்து பேசுவார், சலம் என்றால் தடவை, அஷ்டே என்றால் அவ்வளவுதான். நான் அது போதாது என்றேன். ஒரு மாதத்துக்குள்ளேயே விலகிப் போகும். பெட்டிகள் தாங்களாகவே இணையத்தில் நேரம் சொல்லும் சர்வரைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளும்படி எழுத முடியும், பெட்டியில் இருக்கும் சிப்புக்கு வைஃபை உண்டு, அதை நாம் பயன்படுத்தவே இல்லை என்றேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டார். நெட் இந்த ஊரில் எப்படிப் போகும் வரும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். கடைசியில், செய்து பாருங்கள், ஆனால் நெட் போனாலும் விளக்கு எரிய வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார். அது நியாயமான நிபந்தனை. பிற்பாடு என்னைக் காப்பாற்றியதும் அதுதான்.

நான் அதற்கு முன் அப்படி ஒன்றை எழுதியதில்லை. எழுதத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு எளிமையானது என்று தெரிந்தது. நம் பெட்டி ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்ப வேண்டும். அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, காலி இடம்தான். எங்கோ இருக்கும் சர்வர் அந்தக் காலி இடத்தில் நேரத்தை எழுதித் திருப்பி அனுப்பிவிடும். நீ யார், எந்த ஊர், எதற்குக் கேட்கிறாய் என்று எதுவும் கேட்காது. போய்வர ஆகும் நேரத்தை நாமே கணக்கிட்டு, அதில் பாதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவே. யார் கேட்டாலும் பதில் சொல்லும்படி உலகம் முழுக்க இப்படிச் சர்வர்களை யாரோ நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலை தேடி அலைந்த நாட்களில் ஒரு கேள்விக்குப் பதில் வாங்க எத்தனை பேர் முன்னால் நின்றிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் போர்டை வைத்து முயன்றேன். தம்பி வந்திருந்தான். என் மகள் அவன் மடியில் உட்கார்ந்து அவன் போனில் படம் வரைந்துகொண்டிருந்தாள். முதல் பதில் வந்து திரையில் விழுந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நிமிடமும் நொடியும் சரியாக இருந்தன. வருடம்தான் எழுபது கூடியிருந்தது. அந்தச் சர்வர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்திலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டு வருகின்றன. என் சிப் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதிலிருந்து எண்ணுகிறது. இடையில் உள்ள எழுபது வருடத்தை நான் கழிக்க மறந்திருந்தேன். தம்பி திரையை எட்டிப் பார்த்தான். வருடத்தைப் படித்தான். தனக்கு நூறு வயது ஆகிவிட்டது என்று கையால் சொல்லிவிட்டு எழுந்து, முதுகை வளைத்து, இல்லாத கோலை ஊன்றிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தான். என் மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கழித்தேன். வருடம் சரியாகிவிட்டது. மணி மட்டும் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தது. அந்தச் சர்வர்கள் எல்லா நாட்டுக்கும் பொதுவான நேரத்தைத்தான் சொல்லும், நம் ஊர் நேரத்தை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டினேன். சுவர்க் கடிகாரத்தையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எங்கள் சுவர்க் கடிகாரம்தான் தப்பு.

அந்தச் சந்தோஷத்தில் பெட்டியை ஓடவிட்டுவிட்டு இட்லி மாவு ஆட்டப் போனேன். திரும்பி வந்தால் சர்வர் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தது. நான் நடுவில் இடைவெளி வைக்காததால், பெட்டி மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. சர்வர் கடைசியாக ஒரே ஒரு சொல்லை அனுப்பியிருந்தது. கொஞ்சம் நிதானமாகக் கேள் என்பதுதான் அதன் பொருள். தம்பிக்குக் காட்டினேன். என் மகள் சாக்லெட் கேட்கும் விதம் இதுதான் என்றான். ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும் கேட்கும்படி மாற்றி எழுதினேன். கேட்காத நேரத்தில் தன் கடிகாரத்தை வைத்தே ஓட்ட வேண்டும். நேரம் பின்னோக்கித் திருத்தப்பட்டால் ஒரே மணி இரண்டு தடவை மின்னாமல் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்து முடிக்க அந்த வாரம் முழுவதும் ஆயிற்று. என் கணவர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவர். அந்த வாரம் சமையலை அவரே எடுத்துக்கொண்டார். தினமும் தக்காளி சாதம்.

பள்ளியில் எல்லாப் பெட்டிகளிலும் புது நிரலை ஏற்றிவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஒரு விளக்கும் எரியவில்லை.

தம்பியிடமிருந்து செய்தி வந்ததும் ஆட்டோ பிடித்து ஓடினேன். பெட்டிகளைத் திறந்து பார்த்தால், எல்லாவற்றிலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று, விடிகாலை ஐந்தரை. அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கியிருந்தன. அதாவது, ஒரு பதிலும் வரவில்லை. நடுவில் நெட் போனால் ஓடும்படி எழுதியிருந்தேன், முதல் பதிலே வராமல் போகும் என்று நினைக்கவில்லை. வீட்டில் ஓடியது இங்கே ஓடவில்லை. வகுப்புகள் எப்போது முடிகின்றன என்று யாருக்கும் தெரியாமல், சில பிள்ளைகள் சாப்பிடப் போய்விட்டார்கள், சிலர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி பச்சை அட்டை ஒன்றைப் பெரிதாக வெட்டி எடுத்துக்கொண்டு, வகுப்பு வகுப்பாக வாசலில் நின்று காட்டி ஓடிக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றான். வீட்டில் ஓடியதே, இங்கே ஏன் ஓடவில்லை என்று கேட்டான். அவன் கோபமாக இருந்தால் கையசைவுகள் சின்னதாகிவிடும். அன்று மிகச் சின்னதாக இருந்தன.

தலைமை ஆசிரியையிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். சிறு வயதிலிருந்து அது என் வழக்கம். ரேஷன் கடையில், டாக்டரிடம், பஸ் கண்டக்டரிடம், அவனுக்கு என்ன வேண்டும் என்று எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள். நான்தான் சொல்வேன். தம்பி தலையை அசைத்தான்.

"வேண்டாம். இது என் பள்ளிக்கூடம். நான் பேசுகிறேன்."

உள்ளே போனான். நான் வாசலில் நின்றேன். தலைமை ஆசிரியைக்குக் காது கேட்கும், ஆனால் அவர்களைப் போலவே கையால் பேசுவார். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. நடுவில் ஒரு முறை அவர் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். அவன் உறுதியாகப் பதில் சொன்னான். அறைக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்க, அது விளங்காமல் ஒருத்தி வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்று அறிந்துகொண்டேன். அவன் வெளியே வந்து, சில நாள் வாங்கியிருக்கிறேன், அதுவரை பச்சை அட்டை போதும் என்றான். என்ன சொல்லி வாங்கினாய் என்று கேட்டேன். அவன் அட்டையோடு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டான்.

ஏன் பதில் வரவில்லை என்பது அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்தது. அந்தப் பள்ளிக்கு இணைய வசதி செய்து கொடுத்தவர்கள், பிள்ளைகள் கண்டதையும் பார்க்கக் கூடாதென்று, வலைப்பக்கங்கள் திறக்கும் வழியைத் தவிர எல்லா வழிகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். நேரம் கேட்கும் பொட்டலம் வேறு வழியாகப் போவது. ரவுட்டரைத் தாண்டியே போகவில்லை. அந்த வழியை மட்டும் திறந்துவிடச் சொல்லலாம். ஆனால் ரவுட்டரை அமைத்தவர் ஊரை விட்டே போய்விட்டார், கடவுச்சொல் யாருக்கும் தெரியாது, மேலிடத்தில் எழுதிக் கேட்டால் எப்போது பதில் வரும் என்று சொல்ல முடியாது என்றார் தலைமை ஆசிரியை.

அடுகோடிக்குத் திரும்பி, மாடிப்படியில் உட்கார்ந்தேன். கீழே லேத் ஓடும் அதிர்வு படி வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிம் போடலாம், ஆனால் அத்தனை சிம்மை யார் பராமரிப்பது? அந்த நேரச் சர்வர்களைப் பற்றி நான் படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. உலகத்தில் எல்லாச் சர்வர்களும் அணுக் கடிகாரத்திடம் நேரே கேட்பதில்லை. முதல் வரிசையில் கொஞ்சம் சர்வர்கள் அதனிடம் கேட்கின்றன. இரண்டாம் வரிசை அவற்றிடம் கேட்கிறது. மூன்றாம் வரிசை இரண்டாம் வரிசையிடம். அப்படியென்றால் நம் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு வரிசை சேர்த்துக்கொள்ளலாம். அலுவலக அறையில் சிம் போட்ட ஒரே ஒரு பெட்டி இருக்கட்டும். அது மட்டும் வெளியே போய்க் கேட்கட்டும். வகுப்புப் பெட்டிகள் எல்லாம் பள்ளிக்குள்ளேயே அதனிடம் கேட்டுக்கொள்ளட்டும். அதற்கு எந்த ரவுட்டரின் அனுமதியும் வேண்டாம். வெளியே நெட் போனாலும் பாதகமில்லை. அலுவலகப் பெட்டி தன் கணக்கிலேயே ஓடும், மற்றவை அதையே பின்பற்றும். கொஞ்சம் தப்பினாலும் எல்லாம் சேர்ந்தே தப்பும். ஒரு வகுப்பு எழுத, இன்னொரு வகுப்பு தாளைக் கொடுக்கும் நிலை வராது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் நல்ல கடிகாரச் சிப் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, அலுவலகப் பெட்டிக்கு இதைப் போடுங்கள் என்று கொடுத்தார். வெப்பத்தால் விலகாத வகை. யாருக்காகவோ வாங்கி வைத்திருந்தாராம்.

மறுபடி பள்ளிக்குப் போய் வேலை பார்த்த நாட்களில்தான் தம்பியை அவன் இடத்தில் பார்த்தேன். வராந்தாவில் அவன் நடந்தால் பிள்ளைகள் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். எல்லாருக்கும் அவனிடம் சொல்ல ஏதோ இருக்கும். வீட்டில் மூலையில் போனோடு உட்கார்ந்திருப்பவன் அங்கே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். ஒருநாள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையோடு வந்தான். அவளும் காது கேளாதவள். தங்கவயலிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கியிருக்கிறாள். விளக்கு சட்டென்று மின்னும்போது அவள் வகுப்புக் குட்டிகள் திடுக்கிட்டு அழுகிறார்களாம். மின்னுவதற்குச் சற்று முன்னால் மெல்லிய மஞ்சள் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தால் நல்லது என்று கேட்டாள். தம்பி எனக்கு எடுத்துச் சொன்னான். அவள் பாதி சொல்வதற்குள்ளேயே அவன் மீதியைச் சொல்லிவிட்டதை நான் கவனித்தேன். அவள் அவன் கையில் லேசாகத் தட்டி, முடிக்கவிடு என்றாள். அது எனக்கே புரிந்தது. மஞ்சள் வெளிச்சத்தைச் சேர்த்தேன். அது நல்ல யோசனை. இப்போது எங்கள் எல்லா விளக்குகளிலும் அது உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை, மதிய இடைவேளைக்கு முன்பாக, தலைமை ஆசிரியையும் தம்பியும் நானும் நீள வராந்தாவின் ஒரு முனையில் நின்றோம். வகுப்புக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. முதலில் கதவு வழியாக மஞ்சள் வெளிச்சம் தரையில் படர்ந்தது, எல்லா வாசலிலும் சேர்ந்து. பிறகு வெள்ளை மின்னியது. மூன்று முறை, வராந்தா நெடுகிலும், ஒன்றுகூட முந்தவில்லை, பிந்தவில்லை. தலைமை ஆசிரியை தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "ஆய்த்தும்மா," என்றார் என்னிடம். கன்னடத்தில், ஆகிவிட்டது என்று அர்த்தம்.

பிள்ளைகள் எல்லா வாசலிலிருந்தும் ஒரே நேரத்தில் கொட்டினார்கள். காது கேளாதவர்கள் பள்ளி அமைதியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அங்கே வந்து பார்க்க வேண்டும். பெஞ்சுகள் கீறும், தட்டுகள் மோதும், நூறு கால்கள் தடதடக்கும், யாரும் குரலை அடக்கிக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சத்தத்தின் நடுவில் எட்டாம் வகுப்புப் பெண் வெளியே வந்தாள். சாப்பிட ஓடாமல், வராந்தாவில் எங்களை நோக்கி நடந்து வந்தபடியே ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். விளக்குகள் எப்போதோ அணைந்துவிட்டன. இருந்தாலும் எல்லா வகுப்பும் காலியாகிவிட்டதா என்று பார்த்தாள். கடைசி வகுப்பும் காலி. என் எதிரே வந்து நின்று, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடினாள். அவளுடைய முழுமையான சைகை எனக்குப் புரியாது என்று, எனக்காக அதைச் சுருக்கியிருக்கிறாள்.

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்றிருந்தான். எல்லாரும் ஒன்றாக வருவது காலில் தெரிகிறது என்றான்.

முழுஆண்டுத் தேர்வு வந்தபோது நான் பதற்றத்தோடு போனை அருகிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அழைப்பு எதுவும் வரவில்லை. தேர்வு முடிந்த பிறகு மைசூரிலிருந்து இதே போன்ற இன்னொரு பள்ளிக்காரர்கள் விளக்கு மணியைப் பற்றி விசாரித்தார்கள். முதலாளி எனக்கு நிரந்தர வேலைக்கான தாளைக் கொடுத்து, அதோடு ஒரு பெண்ணை உதவிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். டிப்ளமா முடித்து, நடுவில் சில வருடம் விட்டுவிட்டு வருபவர்கள் யாராவது இருந்தால் பாருங்கள் என்றார். நான் இரண்டு பேர் பெயரைச் சொன்னேன்.

அந்த விடுமுறையில்தான் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து, ஒன்றாம் வகுப்பு ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னான். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கவயலுக்குப் போய் அவள் அப்பா அம்மாவைப் பார்க்கப் போகிறானாம். அவர்களுக்குக் காது கேட்கும். அவர்களுக்குச் சைகை அவ்வளவாக வராது என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் உடனே, என்ன புடவை கட்டிக்கொள்வது, என்ன வாங்கிக்கொண்டு போவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அவன் என் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து நிறுத்தினான்.

"நீ வர வேண்டாம். நீ வந்தால் அவர்கள் உன்னைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அவர்கள் என்னைப் பார்க்க வேண்டும்."

எனக்குக் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். அவன் முகத்தைப் பார்த்தேன். தலைமை ஆசிரியை அறைக்குள் போகும்போது இருந்த முகம்தான் அது. சரி என்றேன். சட்டையை மட்டும் நான் இஸ்திரி போட்டுத் தருகிறேன் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறினான். நான் மர்பி டவுனில் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். பி.ஜி. விடுதியில் சமைக்கும் அம்மா அன்று வேலைக்கு லீவு சொல்லியிருந்தாள். "புள்ள தனியா போயிருக்கானே, அவங்க இன்னா கேக்கறாங்கன்னு இவனுக்கு எப்பிடிறீ வெளங்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுதிக் காட்டுவார்கள், அந்தப் பெண் சொல்லுவாள் என்று நான் சொன்னதெல்லாம் அவளுக்குப் போதவில்லை. மதியம் போன் துடித்தது. தம்பி படம் அனுப்பியிருந்தான். வாழை இலை, அதில் பாதி தின்ற பிரியாணி, ஓரத்தில் யாரோ ஒரு பெரியவரின் கை இன்னும் ஒரு கரண்டி வைக்க வந்துகொண்டிருக்கிறது. கீழே ஒரே ஒரு வரி: வேண்டாம் என்று சொன்னாலும் விடமாட்டேன் என்கிறார்கள்.

சாயங்காலம் அவன் திரும்பி வந்தபோது சட்டை கசங்கியிருந்தது. கையில் ஒரு பை நிறைய மாங்காய். அம்மா வாசலுக்கே ஓடினாள். பிறகு வழக்கம்போல என் பக்கம் திரும்பினாள். "இன்னா சொன்னாங்களாம்? கேளு."

தம்பியைக் கேட்கக் கையை உயர்த்தினேன். இறக்கிக்கொண்டேன்.

"நீயே கேளும்மா," என்றேன்.

அம்மா என்னை முறைத்தாள். இத்தனை வருடத்தில் அவளுக்கும் அவனுக்கும் நடுவில் சோறு, தூக்கம், காய்ச்சல், போ, வா என்று சில சைகைகள்தான் புழங்கின. மற்றதெல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தன. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கழுத்தில் தாலி கட்டுவது போலக் காட்டினாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு கைகளையும் விரித்து, புருவத்தை உயர்த்தினாள். கல்யாணம், என்ன ஆச்சு?

தம்பி மாங்காய்ப் பையைக் கீழே வைத்தான். பள்ளியில் பேசும் வேகத்தில் பேசவில்லை. ஒன்றாம் வகுப்புக் குட்டிகளிடம் பேசுவது போல, ஒவ்வொரு சைகையாக, அவள் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருந்து சொன்னான். அவர்களுக்குச் சம்மதம். அடுத்த மாதம் இங்கே வருகிறார்கள். உன்னைப் பார்க்க வேண்டுமாம். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒன்று மட்டும் புரியாமல் போனபோது அவன் கையைப் பிடித்து மறுபடி சொல்லச் சொன்னாள். அவன் மறுபடி சொன்னான். நான் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு மாங்காயைக் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் தேடினேன்.